காலியாக இருந்த நான்கு கட்டங்கள்

1913-ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆய்வகம். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு கண்ணாடிக் குழாய்க்குள், 25 வயது இளைஞர் ஒருவர் குட்டித் தள்ளுவண்டி ஒன்றை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தார். வண்டியின் மேல் உலோகத் துண்டுகள் வரிசையாக ஏறியிருந்தன. வண்டியை இழுக்க அவர் கட்டியிருந்தது, மீன் பிடிக்கும் தூண்டிலுக்குப் பயன்படும் பட்டுக் கயிறு. வெளியிலிருந்து உருளையைத் திருகினால் கயிறு சுற்றிக்கொள்ளும். இரும்பு நகர்ந்து கோபால்ட் வந்து நிற்கும். மறுபடி திருகினால் நிக்கல். ஒவ்வொரு முறையும் குழாயைத் திறந்து உலோகத்தை மாற்றி மீண்டும் காற்றை வெளியேற்றுவது என்றால், அக்காலத்துப் பம்புகளை வைத்துக்கொண்டு பொழுதெல்லாம் அதிலேயே போயிருக்கும். ஒரு தூண்டில் கயிறு அந்த வேலையை மிச்சப்படுத்தியது.

அவர் பெயர் ஹென்றி மோஸ்லி. தந்தையும் ஹென்றி மோஸ்லிதான். 'சாலஞ்சர்' என்ற கப்பலில் ஏறி உலகக் கடல்களை ஆராயப் போன விலங்கியலாளர். மகனுக்கு நான்கு வயது நிறையும் முன்பே இறந்துவிட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து முடித்த மகன், 1910-ல் மான்செஸ்டருக்கு இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டிடம் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே ரூதர்ஃபோர்ட் அணுவின் நடுவில் மிகச் சிறிய, கனமான, நேர்மின்னேற்றம் கொண்ட கரு இருக்கிறது என்று அறிவித்தார். இன்று பள்ளிப் பாடமாகிவிட்ட அந்தச் செய்தியை அன்று பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. கரு இருக்கிறது, சரி; அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஓர் அணுவின் கருவுக்கும் அந்தத் தனிமத்தின் குணத்துக்கும் என்ன தொடர்பு? அதைச் சொல்ல ஆள் இல்லை.

இந்த இடத்தில் பழைய தலைவலி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1869-ல் ரஷ்யாவின் மெண்டலீவ் தனிமங்களை அணு எடைப்படி வரிசையாக அடுக்கினார். குணங்கள் திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. ஆனால் சில இடங்களில் எடை வரிசை பிசகியது. கோபால்ட்டின் அணு எடை 58.93, நிக்கலின் எடை 58.69. எடைப்படி நிக்கல் முன்னே நிற்க வேண்டும். குணத்தைப் பார்த்தால் கோபால்ட்தான் முன்னே நிற்க வேண்டும். டெலூரியத்துக்கும் அயோடினுக்கும் இதே சண்டை. எடையை அளந்தவர்கள்தான் தவறு செய்திருப்பார்கள் என்று மெண்டலீவ் நினைத்தார். அவர்களோ அளந்து அளந்து பார்த்தார்கள், எடை மாறவில்லை.

வரிசையில் நிற்பவர்களை எடை பார்த்து நிறுத்துவது ஒரு முறை. கையில் இருக்கும் டோக்கன் எண்ணைப் பார்த்து நிறுத்துவது இன்னொரு முறை. தனிமங்களிடம் அப்படி ஒரு டோக்கன் இருக்கிறது என்று முதலில் சொன்னவர் வான் டென் புரூக் என்ற டச்சுக்காரர். தொழிலால் வழக்கறிஞர், இயற்பியல் அவருக்கு ஆசை. அட்டவணையில் ஒரு தனிமம் எத்தனையாவது கட்டத்தில் இருக்கிறதோ, அதுவே அதன் கருவின் மின்னேற்றம் என்றார். அது ஊகம். அதைச் சோதித்துப் பார்ப்பது என்று மோஸ்லி முடிவு செய்தார்.

சோதிக்க வழி எக்ஸ் கதிர். அணுவை ஒரு கோயிலாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிப் பிராகாரத்தில் இருக்கும் எலெக்ட்ரான்களுக்குக் கருவறை நேராகத் தெரியாது. நடுவில் கூட்டம் மறைக்கிறது. அவற்றிலிருந்து வரும் ஒளியைப் பார்த்தால் சலசலப்பும் குழப்பமும்தான் மிஞ்சும். கருவறையை ஒட்டி நிற்கும் எலெக்ட்ரான்கள் அப்படியல்ல. கருவின் ஈர்ப்பை அவை ஏறக்குறைய முழுமையாக உணர்கின்றன. அந்த உள்வட்டத்திலிருந்து ஒன்றை அடித்து வெளியே தள்ளினால், அந்த இடத்துக்கு மற்றொன்று பாய்ந்து வரும். பாயும்போது எக்ஸ் கதிர் பிறக்கும். அந்தக் கதிரின் அதிர்வெண், கருவின் மின்னேற்றம் எவ்வளவு என்பதைச் சொல்லிவிடும். தள்ளுவண்டியில் இருந்த உலோகத்தின் மேல் எலெக்ட்ரான் கற்றையை மோதவிட்டு, பிறந்த எக்ஸ் கதிரை ஒரு படிகத்தில் பட்டுத் திரும்பச் செய்து, புகைப்படத் தகட்டில் பதித்தார் மோஸ்லி. தகட்டில் கோடுகள் விழுந்தன.

கால்சியத்திலிருந்து துத்தநாகம் வரை எடுத்த படங்களை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினால், கோடுகள் ஒரு படிக்கட்டுப்போல ஒரே திசையில் இறங்கிச் சென்றன. ஸ்காண்டியம் இல்லாத இடத்தில் மட்டும் ஒரு படி காணோம். பித்தளையை வைத்தபோது ஒரே தகட்டில் தாமிரத்தின் கோடுகளும், சற்று மங்கலாகத் துத்தநாகத்தின் கோடுகளும் விழுந்தன. கலவையைக்கூட அந்தக் கருவி காட்டிக்கொடுத்தது. கோடுகளின் அதிர்வெண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்தால், ஒவ்வொரு தனிமத்துக்கும் அது ஒரே அளவு கூடியது.

இதை வாசகரே சரிபார்க்கலாம். இரும்பின் எண் 26, தாமிரத்தின் எண் 29. இரண்டிலிருந்தும் ஒன்றைக் கழியுங்கள். மோஸ்லியின் கணக்கு அதைக் கேட்கிறது. 25, 28. இரண்டின் வர்க்கங்களையும் எடுத்து வகுத்தால் 1.25. இரும்பு, தாமிரம் இரண்டின் எக்ஸ் கதிர் அதிர்வெண்களை இன்று மிகத் துல்லியமாக அளந்து வகுத்தால் 1.26. எடை கணக்கில் வரவே இல்லை. கோபால்ட் 27, நிக்கல் 28 என்று அடித்துச் சொன்னது அந்தப் படிக்கட்டு. நாற்பது ஆண்டுத் தலைவலி சில வாரங்களில் தீர்ந்தது. எடை ஏன் ஏமாற்றியது என்பது மட்டும் புரிய இன்னும் இருபது ஆண்டு ஆயிற்று.

1914 ஏப்ரலில் வந்த இரண்டாவது கட்டுரையில் மோஸ்லி அலுமினியத்திலிருந்து தங்கம் வரை போய்விட்டார். 13 முதல் 79 வரை. அணுவியலின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். அதுவரை 'இன்னும் கண்டுபிடிக்காத தனிமங்கள் எத்தனை?' என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. மெண்டலீவே குணங்களை வைத்துத்தான் ஊகித்தார். இப்போது எண்ணிப் பார்த்தாலே போதும். முழு எண்களின் வரிசையில் 43, 61, 75 ஆகிய மூன்றும் விடுபட்டிருந்தன. இந்த மூன்றுக்கும் உரியவை எங்கோ இருக்க வேண்டும், இவற்றுக்கு இடையில் வேறு எதுவும் வர முடியாது என்று 26 வயதில் ஒருவர் எழுதிவிட்டார்.

அந்த ஆண்டின் கோடையில் பாரிசிலிருந்து ஜார்ஜ் உர்பேன் என்ற வேதியியலாளர் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தார். மோஸ்லி அதற்குள் அங்கே குடிபெயர்ந்திருந்தார். அருமண் தனிமங்கள் என்ற குடும்பம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும் குடும்பம். அவற்றைக் கரைத்து, படிகமாக்கி, மறுபடி கரைத்து, இருபது ஆண்டு உழைத்துப் பிரித்த மாதிரிகளை உர்பேன் கையில் கொண்டுவந்திருந்தார். அதில் ஒன்று 72-ஆவது தனிமம் என்றும், அதற்கு செல்டியம் என்று பெயரிட்டிருப்பதாகவும் சொன்னார். மோஸ்லி சில நாட்களில் எல்லாவற்றையும் படம் எடுத்து முடித்தார். மற்றவை சரி, 72-க்கு உரிய கோடு மட்டும் இல்லை. உர்பேன் ஏமாற்றத்தை மறைக்கவில்லை, ஆனால் அந்த முறையின் வேகத்தைக் கண்டு மலைத்துப் போனார். காலியிடங்கள் மூன்றிலிருந்து நான்காயின: 43, 61, 72, 75.

ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் கூட்டம். ரூதர்ஃபோர்டும் போனார், மோஸ்லியும் தாயாரோடு போனார். கூட்டம் நடந்த அதே மாதம் ஐரோப்பாவில் போர் மூண்டது. மோஸ்லி அவசரமாக ஊர் திரும்பி, ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்தார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவை 1916-ல்தான் வந்தது. அவருடைய வர்க்கத்தில் பிறந்த, அவர் படித்த பள்ளிகளில் படித்த இளைஞர்கள் போருக்குப் போவதைக் கடமையாகத்தான் நினைத்தார்கள். ஆய்வகத்தில் அமர்ந்திருப்பது கோழைத்தனம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மான்செஸ்டர் ஆய்வகம் சிதறியது. தங்கத் தகட்டில் ஆல்ஃபா துகள்களை மோதவிட்டு அணுக்கருவைக் காட்டிக்கொடுத்த சோதனையைச் சேர்ந்து செய்தவர்கள் கைகரும் மார்ஸ்டனும். கைகர் ஜெர்மன் படையில், மார்ஸ்டன் எதிர்ப் படையில். இன்னொரு மாணவர் சாட்விக் மேற்படிப்புக்காக பெர்லின் போயிருந்தார். போர் தொடங்கியதும் எதிரி நாட்டுக்காரர் என்று ரூலபென் குதிரைப் பந்தய மைதானத்தில் நான்கு ஆண்டுகள் அடைத்து வைத்துவிட்டார்கள். குதிரை லாயத்தில் உறங்கி, அங்கேயே ஒரு சிறு ஆய்வகம் அமைத்து, கதிரியக்கம் கொண்டதாகக் கடையில் விற்ற பற்பசையை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார் சாட்விக்.

மோஸ்லியைத் துருக்கிக்கு அனுப்பினார்கள். கலிப்பொலி தீபகற்பம். 1915 ஆகஸ்ட் 6 இரவு, சுனுக் பாயிர் முகட்டைப் பிடிக்க நேச நாட்டுப் படை தாக்குதலைத் தொடங்கியது. பிரிட்டிஷாரோடு நியூசிலாந்துக்காரர்களும் கூர்க்காக்களும் சீக்கியர்களும் அந்த வறண்ட மலைச்சரிவில் ஏறினார்கள். மோஸ்லி 38-ஆவது பிரிகேடின் தகவல் தொடர்பு அதிகாரி. ஆகஸ்ட் 10 விடியலில் முஸ்தபா கமால் தலைமையில் ஓட்டோமான் படை மேலிருந்து இறங்கி வந்தது. அந்தக் காலையில் பிரிகேடின் தளபதியும் இறந்தார், மோஸ்லியும் இறந்தார். தொலைபேசியில் ஆணை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தலையில் குண்டு பாய்ந்தது என்று பதிவாகியிருக்கிறது. வயது 27. போருக்குப் போன இடத்தில் எழுதிய உயிலில், தன் உடைமைகளை ராயல் சொசைட்டிக்கு, சோதனை ஆராய்ச்சிகளுக்கென்று எழுதி வைத்திருந்தார்.

ரூதர்ஃபோர்ட் கொதித்துப் போய் எழுதினார். இப்படிப்பட்டவரைப் போர்முனையில் நிறுத்துவதைத் தவிர வேறு வேலை கொடுக்க ராணுவத்துக்குத் தெரியவில்லையே என்பது அவர் ஆதங்கம். நியாயமான ஆதங்கம்தான். ஆனாலும் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கலிப்பொலியில் இரு தரப்பிலும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் யாரிடம் என்ன இருந்தது என்று கேட்டுப் பார்க்க யாருக்கும் வாய்க்கவில்லை. மோஸ்லி இரண்டு கட்டுரைகளை எழுதி முடித்துவிட்டுப் போனதால்தான் அவர் இழப்பு நமக்குத் தெரிகிறது. எழுதத் தொடங்காமலே இறந்தவர்களின் கணக்கு நம்மிடம் இல்லை.

1916-ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசு யாருக்கும் வழங்கப்படவில்லை. இறந்தவருக்கு நோபல் கிடையாது.

அவர் விட்டுச் சென்ற நான்கு கட்டங்கள் மட்டும் காத்திருந்தன.

முதலில் நிரம்பியது 72. டென்மார்க் போரில் சேராத நாடு. கோபன்ஹேகனில் நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளர் நடத்திய நிறுவனத்தில், எதிரெதிர் அணி நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஒரே மேசையில் உட்கார முடிந்தது. நீல்ஸ் போரின் அணுக் கொள்கைப்படி 72 அருமண் குடும்பத்தில் இருக்க முடியாது. சிர்கோனியத்தின் உறவாக இருக்க வேண்டும். அப்படியானால் உர்பேன் இருபது ஆண்டு தேடிய இடமே தவறு. ஹங்கேரிக்காரர் ஹெவெசியும் டச்சுக்காரர் கோஸ்டரும் சிர்கோனியத் தாதுவை எடுத்து, மோஸ்லியின் முறைப்படி எக்ஸ் கதிரில் பார்த்தார்கள். கோடு கிடைத்தது. 1922 டிசம்பரில் நீல்ஸ் போர் நோபல் உரைக்காக ஸ்டாக்ஹோமில் இருந்தார். கோஸ்டர் தொலைபேசியில் செய்தி சொல்ல, உரையின் முடிவில் போர் அதை அறிவித்தார். கோபன்ஹேகனின் பழைய லத்தீன் பெயர் ஹாஃப்னியா. தனிமம் ஹாஃப்னியம் ஆயிற்று.

முதல் உலகப் போர் ஓய்ந்து நான்காண்டு ஆகியும் பகை ஓயவில்லை. 72 உர்பேனின் செல்டியமே என்று பிரெஞ்சுக்காரர்கள் வாதாடினார்கள். பிரிட்டிஷ் பத்திரிகைகளில் சில அவர்கள் பக்கம் நின்றன. ஹெவெசி தோற்ற நாட்டுக்காரர் என்பது அந்தச் சண்டையில் ஒளிந்திருந்த செய்தி. ஹெவெசி போருக்கு முன் மான்செஸ்டரில் இருந்தவர், மோஸ்லியின் நண்பர். நண்பர் விட்டுப்போன கட்டத்தை அவருடைய முறையாலேயே நிரப்பினார்.

இதே ஹெவெசியைப் பற்றி இன்னொரு செய்தி. 1940 ஏப்ரலில் ஜெர்மன் படை கோபன்ஹேகனுக்குள் நுழைந்தபோது, ஜெர்மன் விஞ்ஞானிகளான லாவே, ஃபிராங்க் இருவரின் நோபல் பதக்கங்கள் நீல்ஸ் போரின் நிறுவனத்தில் பாதுகாப்பாக இருந்தன. ஹிட்லர் ஆட்சியில் தங்கத்தை நாட்டைவிட்டு வெளியே அனுப்புவது பெருங்குற்றம். பதக்கங்களில் பெயர் வேறு பொறித்திருக்கிறது. ஹெவெசி அவற்றை, தங்கத்தையும் கரைக்கும் அமிலக் கலவையான ராஜ திராவகத்தில் கரைத்து, அலமாரியில் மற்றக் குப்பிகளோடு வைத்துவிட்டார். உலகப் போர் முடிந்து வந்து பார்த்தபோது குப்பி அங்கேயே இருந்தது. தங்கத்தை மீட்டெடுத்து அனுப்ப, நோபல் அறக்கட்டளை அதைக்கொண்டு பதக்கங்களைப் புதிதாக வார்த்துக் கொடுத்தது. கரைந்து நிறம் மாறி உருக்குலைந்தாலும் 79 என்ற எண் மாறாத வரை அது தங்கம்தான்.

75-ஐ 1925-ல் பெர்லினில் வால்டர் நோடாக்கும் இடா டாக்கேயும் ஓட்டோ பெர்க்கும் கண்டுபிடித்தார்கள். ஒரு கிராம் சேர்க்க அவர்களுக்கு 660 கிலோ மாலிப்டினம் தாது தேவைப்பட்டது. ரைன் நதியின் பெயரால் ரீனியம் என்றார்கள். அந்த ஆண்டில் ரைன்லாந்து வெற்றி பெற்ற நாடுகளின் படைகள் வசம் இருந்தது. 43-ஐயும் கண்டதாகச் சொல்லி, கிழக்குப் பிரஷ்யாவின் மசூரியா பெயரால் மசூரியம் என்றார்கள். 1914-ல் ரஷ்யர்களை ஜெர்மானியர் தோற்கடித்த பகுதி அது. ரீனியம் நிலைத்தது. மசூரியத்தை வேறு யாராலும் திரும்பக் காட்ட முடியவில்லை.

காட்ட முடியாததற்குக் காரணம் 1932-க்குப் பிறகு தெளிந்தது. குதிரை லாயத்திலிருந்து மீண்டு வந்த சாட்விக் அந்த ஆண்டில் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். கருவின் மின்னேற்றம் புரோட்டான்களால் வருவது. எடையில் நியூட்ரான்களுக்கும் பங்கு உண்டு. கோபால்ட்டில் 27 புரோட்டான், 32 நியூட்ரான். நிக்கலில் ஒரு புரோட்டான் கூடுதல். ஆனால் பெரும்பாலான நிக்கல் அணுக்களில் நியூட்ரான் 30 மட்டுமே. எடை ஏமாற்றிய கதை இதுதான். புரோட்டான்களும் நியூட்ரான்களும் எந்தக் கணக்கில் சேர்ந்தாலும் நிலைத்து நிற்காத எண்கள் சில உண்டு. 43 அதில் ஒன்று, 61 இன்னொன்று. பூமி உருவானபோது அவை இருந்திருந்தாலும் சிதைந்து மறைந்து வெகு காலம் ஆகிவிட்டது. கல்லைத் தோண்டித் தேடியவர்கள் இல்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இனி செய்துதான் பார்க்க வேண்டும்.

43 கிடைத்தது ஓர் அஞ்சல் உறையில். இத்தாலியின் பலெர்மோவில் பணிபுரிந்த எமிலியோ செக்ரே, கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் என்ற இயற்பியலாளர் கட்டியிருந்த, துகள்களை முடுக்கும் சைக்ளோட்ரான் எந்திரத்தைப் பார்த்துவிட்டு வந்தவர். அந்த எந்திரத்தில் தேய்ந்துபோன மாலிப்டினத் தகடு ஒன்றை லாரன்ஸ் 1937-ல் அவருக்குத் தபாலில் அனுப்பினார். மாலிப்டினத்தின் எண் 42. எந்திரத்துக்குள் அது மாதக்கணக்கில் துகள்களின் அடி வாங்கியிருக்கிறது. சில கருக்கள் ஒரு புரோட்டானைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். செக்ரேயும் கனிமவியலாளர் பெரியேயும் அதைக் கரைத்துப் பிரித்தபோது 43 இருந்தது. மனிதர் செய்த முதல் தனிமம். பின்னர் டெக்னீசியம் என்று பெயர் பெற்றது. அடுத்த ஆண்டு செக்ரே மீண்டும் அமெரிக்கா போயிருந்தபோது, முசோலினியின் அரசு யூதர்களைப் பல்கலைக்கழகப் பதவிகளிலிருந்து விலக்கியது. அவர் ஊர் திரும்பவில்லை.

1938 யூத விஞ்ஞானிகள் பலர் வீடிழந்த ஆண்டு. ஜூலையில் இயற்பியலாளர் லிசே மைட்னர் முப்பது ஆண்டு உழைத்த பெர்லினை விட்டுத் தப்பி ஸ்வீடன் சேர்ந்தார். அவருடைய கூட்டாளி ஓட்டோ ஹான் டிசம்பரில் அவருக்குக் கடிதம் எழுதினார்: யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கினால் பேரியம் வருகிறதே, இது எப்படி? கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்த அக்காள் மகன் ஓட்டோ ஃபிரிஷ்ஷுடன் பனியில் நடந்துகொண்டே மைட்னர் யோசித்தார். யுரேனியம் 92. பேரியம் 56. கழித்தால் 36, அது கிரிப்டான். கரு இரண்டாகப் பிளந்திருக்கிறது. தனிமங்களுக்கு முழு எண்கள் உண்டு என்பது உறுதிப்படாமல் இருந்திருந்தால் இந்தக் கழித்தலைச் செய்திருக்க முடியாது. கரு பெரிய துண்டுகளாக உடையலாம் என்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பே எழுதியவர் ஒருவர் உண்டு. அவர் ரீனியத்தைக் கண்ட இடா. அப்போது இடா நோடாக். மசூரியத்தில் சறுக்கியவர் சொல்வதை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. அது பெரிய தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. கேட்டிருந்தால் அணுப்பிளவு ஹிட்லரின் ஜெர்மனிக்கு இன்னும் முன்னதாகவே தெரிந்திருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மிச்சம் 61. அமெரிக்காவின் இல்லினாய்ஸிலும் இத்தாலியின் ஃபிளாரன்சிலும் அதைக் கண்டதாகச் சொன்னவர்கள் பெயர்கூட வைத்துவிட்டார்கள், இரண்டும் நிற்கவில்லை. அது கிடைத்தது டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில், அணுகுண்டுத் திட்டத்துக்காகக் கட்டிய அணு உலையின் கழிவில். பிளந்த யுரேனியத்தின் துண்டுகளுக்குள் 61 இருந்தது. மரின்ஸ்கி, கிளெண்டனின், கோரியல் மூவரும் 1945-ல் அதைப் பிரித்து அறிந்தார்கள். போர்க்கால ரகசியம் என்பதால் உலகுக்கு 1947-ல்தான் சொன்னார்கள். கோரியலின் மனைவி கிரேஸ் மேரி பெயர் சொன்னார்: கிரேக்கக் கதையில் தேவர்களிடமிருந்து நெருப்பைத் திருடி மனிதருக்குக் கொடுத்துத் தண்டனை பெற்ற புரோமித்தியஸின் பெயரால் புரோமித்தியம்.

அதே 1945-ல் ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமா, 9 அன்று நாகசாகி. மோஸ்லி இறந்து 30 ஆண்டுகள் நிறைவதற்கு அப்போது ஒரு நாள் பாக்கி.

நான்கு கட்டங்களில் 43 இன்று மருத்துவமனைகளில் இருக்கிறது. எலும்பு, இதயம், தைராய்டு ஆகியவற்றைப் படம் எடுக்க நோயாளியின் ரத்தத்தில் செலுத்தும் டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகக் கரைந்துவிடும். உடலில் தங்கித் தொல்லை கொடுக்காது. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அணு மருத்துவப் பிரிவில் ஸ்கேன் எடுத்திருந்தால், பெரும்பாலும் அந்தத் தனிமம்தான் உள்ளே போயிருக்கும்.

மோஸ்லிக்குத் தனிக் கல்லறை கிடையாது. கலிப்பொலியின் தெற்கு முனையில் ஹெலஸ் நினைவுச் சின்னத்தில், கல்லறை அறியப்படாத இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களோடு அவர் பெயரும் பொறித்திருக்கிறது. தனிமங்கள் இன்று 118. கியூரி, ரூதர்ஃபோர்ட், போர், மைட்னர், மெண்டலீவ் பெயர்களில் எல்லாம் தனிமங்கள் உண்டு; அவை எல்லாவற்றுக்கும் எண்ணை உறுதி செய்து கொடுத்தவர் பெயரில் ஒன்றுகூட இல்லை. 119-ஐ உருவாக்கப் பல நாடுகளின் ஆய்வகங்கள் முயல்கின்றன. எந்த நாடு முந்தினாலும் சரி, அந்தக் கட்டத்தில் மோஸ்லியின் பெயரை எழுதட்டும்.